வீட்டுப் பந்தி

சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டில் ஒரு புதிய முயற்சி தொடங்கப்பெற்றது. தந்தையர் தம் பொறுப்பை உணர்ந்து நடக்கத் துணைசெய்யும் தொண்டு அமைப்பு ஒன்று, குடும்பத்தோடு உண்பதற்கென ஒரு நாளை வகுத்தது. அந்நாளில் அலுவலர்களை மாலை 5 மணிக்கே வீட்டிற்கு அனுப்புமாறு முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது. வீட்டார் ஒருங்கே அமர்ந்து உண்பதற்கும் நாள் குறிக்க வேண்டிய காலம் வந்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. முன்னோர் எல்லாரும் கூடியே உண்டனர், இக்காலத்தார்தாம் அதனைக் கைவிட்டனர் என்பது அவர்தம் எண்ணம்.

அவ்வெண்ணத்தில் பாதியே உண்மை. பகுத்துண்ணல் தமிழரிடையே மிகப் பழைய பண்பு. ஆயினும் தந்தை, தாய், பிள்ளைகள், முதியோர் ஆகிய யாவரும் ஒரே நேரத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது மிகப் பல இல்லங்களில் அன்றாட வழக்கமாக இருந்ததில்லை. இருந்து மறைந்ததை மீட்பது ஒரு வேலை. இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்குவது வேறொரு வேலை. பின்னதற்கு இளைஞரைக் கடிந்துகொள்வது உதவாது. தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழம்பாட்டுகளில் வீட்டு உணவு

தனித்து உண்ணாமையைச் சங்கச் சான்றோர் பெரிதும் போற்றினர். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூற்று 182-ஆம் பாட்டு, இவ்வுலகம் அழியாது நிற்பதற்குக் காரணமானவர் யாவர் எனக் கூறத் தொடங்கி, அமிழ்தமே கிடைப்பினும் அதனைத் தனியே உண்ணாதவரை முதலில் வைக்கிறது. அது ஊரையும் உலகையும் நோக்கிய அறம். வீட்டினுள் நிகழும் உணவைக் கண்முன் நிறுத்தும் பாட்டுகளுள் இரண்டு ஈண்டு நினைக்கத் தக்கவை.

ஒன்று, பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டு. பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வராயினும், சிறு நடை நடந்து வந்து, கலத்துச் சோற்றில் கையை விட்டு, வாயால் கவ்வி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்பது அவ்வரசனின் துணிபு. உணவு வேளையில் குழந்தை செய்யும் குழப்பத்தைக் குறையாகக் கருதாமல், வாழ்வின் பயனாகவே கருதியவன் அவன். பாய் அழுக்காகும், மேசை அழுக்காகும் என்று குழந்தையைத் தனியே ஊட்டி அனுப்பிவிடும் இல்லத்தார் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொன்று, கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167-ஆம் பாட்டு. புதுமணப்பெண் ஒருத்தி தயிரைக் கையால் பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையைக்கூட மாற்ற நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் அதனை இனிதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. காதல் வாழ்வின் நுட்பத்தை இதைவிட அழகாகக் காட்டும் பாட்டு அரிது. எனினும் ஒன்று கவனிக்கத் தக்கது: அவள் எப்பொழுது உண்டாள் என்பதைப் பாட்டு கூறவில்லை. கேட்போர் அதனை வினவவும் இல்லை.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் இவ்வகையில் ஒரு வியப்பைத் தருகிறது. விருந்தினர் உண்டபின் எஞ்சிய மிச்சிலை உண்பவனாக வள்ளுவர் காட்டுவது இல்லத் தலைவனையே. நிலத்துக்குரிய ஆடவன் கடைசியில் உண்கிறான். பிற்கால வழக்கம் அந்த மிச்சிலை அவனிடமிருந்து எடுத்து அவன் மனைவியின் கலத்தில் இட்டுவிட்டது.

பந்தியில் யார் அமர்வது?

யாருடன் யார் அமர்ந்து உண்பது என்பது தமிழரிடையே சிறு செய்தியாக என்றும் இருந்ததில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் சில பிராமண மாணவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டதால் எழுந்த பூசல், 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழகத்து அரசியலையே உலுக்கியது. பெரியார் ஈ.வெ.ரா.வும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெரியார் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சாதி வேறுபாடு நீங்கி வாழவேண்டும் என்னும் கருத்து இங்கும் வேரூன்றியது. இன்று திருமண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பொதுவிடத்துப் பந்தி அவ்வளவுக்குத் திருந்திவிட்டது.

வீட்டுப் பந்தியைப் பற்றி அவ்வாறு ஒரு பூசலும் எழவில்லை. ஆடவரும் பிள்ளைகளும் முதலில், பெண்டிர் பின்னர் என்னும் முறை, அன்பின் பெயராலும் பொறுப்பின் பெயராலும் நிலைத்தது. சமபந்தியைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு வந்தவருக்கும் வீட்டில் சோறு போட ஒருத்தி நின்றுகொண்டுதான் இருந்தாள். அதனைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. பசித்த பிள்ளைக்கு முதலில் இடுவது எந்தத் தாய்க்கும் இயல்பே. ஆனால் அதன் விளைவு என்ன? குடும்பத்தின் பேச்சு நிகழும் அரைமணி நேரமும் தாய் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். அவள் அமரும்போது பேசுவதற்கு ஆளில்லை.

'பரிமாறுதல்' என்னும் சொல்லுக்கு உணவு இடுதல் என்றும், ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்குதல் என்றும் இரு பொருள் உண்டு. வீட்டு உணவில் முதற்பொருளே நடந்தது. இரண்டாவது பொருள் பாதியில் நின்றது.

தோட்டத்தில் உணவு வேளை

மலாயாவுக்கு வந்த தோட்டப் பாட்டாளிகளின் உணவு நேரத்தை வகுத்தது ரப்பர் மரம் எனலாம். பட்டையில் உள்ள பாற்குழாய்களின் அழுத்தம் விடியுமுன் மிகுதியாக இருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆதலின் இருள் பிரியும் வேளையிலேயே மரம் சீவத் தொடங்க வேண்டும். அதற்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே பால்மரம் வெட்டுவோராயின், மனைவி அதற்கும் வெகு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டிக் காலைக்கும் பகலுக்கும் சேர்த்துச் சமைத்தாள். குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குச் சென்றன.

சீவிய மரங்களில் பால் வடிந்து மங்கு நிறையும்வரை சிறிது ஓய்வு கிடைக்கும். தூக்குச் சட்டியில் கொண்டுவந்த சோற்றை நிரையின் நடுவே மரத்தடியில் உண்டது அப்பொழுதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து உண்ணக் கிடைத்த வேளை அதுவே. ஆனால் பிள்ளைகள் அங்கே இல்லை. மாலையில் லயத்தில் பிள்ளைகள் இருந்தனர்; அப்பொழுது தாய் பந்தியில் இல்லை. கள்ளுக்கடையின் மாலைப்பொழுது பல வீடுகளில் தந்தையையும் உணவு வேளையிலிருந்து கொண்டுசென்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. நிலா நாளில் பாட்டி சோற்றைப் பிசைந்து உருட்டிச் சுற்றியிருக்கும் கைகளில் வைத்ததும், பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்கி உண்டதும் இனிய நினைவுகளே. ஆனால் அவை அவ்வப்போது வந்த சிறப்பு நாள்கள். அன்றாட முறை அன்று.

பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. பெரட்டு போய்த் தொழிற்சாலையின் மாற்றுமுறை வேலை வந்தது. தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை, ஒரு பிள்ளைக்குக் காலைப் பள்ளி, மற்றதற்கு மாலைப் பள்ளி என்று அமைந்த வீடுகளில், நால்வரும் விழித்தபடி ஒரு கூரையின்கீழ் இருப்பதே வாரத்தில் சில மணி நேரந்தான். ஜோகூர் பாருவிலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்து, பிள்ளைகள் உறங்கியபின் திரும்புவோர் பலர். அத்தகைய வீட்டில் 'இரவு 7 மணிக்கு யாவரும் சேர்ந்து உண்க' என்னும் அறிவுரை வெறுஞ்சொல்லே.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் அமைந்தது. அதன் அடுக்குமாடி வீடுகளில் மக்கள் குடியேறிய பிறகு சாப்பாட்டு மேசையும் தமிழர் வீட்டுக்குள் வந்தது. வந்த மேசை பெரும்பாலும் உணவுக்குப் பயன்படவில்லை. பிள்ளைகளின் பள்ளிப்பாடமும், இஸ்திரி போட வேண்டிய துணியும், அண்மையில் மடிக்கணினியும் அதனைப் பிடித்துக்கொண்டன. கீழே இறங்கினால் உணவங்காடி நிலையம். அங்கு வாங்கிய பொட்டலத்தை அவரவர் வேளைக்கு அவரவர் அறையில் பிரிப்பது எளிதாயிற்று. உணவங்காடியைப் பழிப்பது சரியன்று. உழைக்கும் பெண்ணுக்கு அது செய்த உதவி பெரிது. அப்பண்பாட்டை யுனெஸ்கோவும் 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அவரவர் பொட்டலம் அவரவர்க்கு என்றாவதே சிக்கல்.

அண்டை வீட்டார் செய்வது

சீனர் வீட்டில் சோற்றுக் கிண்ணம் ஆளுக்கொன்று. குழம்பும் கறியும் மீனும் நடுவே பொதுவாக வைக்கப்படும். உண்ணத் தொடங்குமுன் இளையவர் மூத்தோரைப் பெயரும் உறவும் சொல்லி உண்ணுமாறு அழைப்பது பழைய ஒழுக்கம். தாத்தா, பாட்டி, தந்தை, தாய் என வரிசையாக அழைக்கும்போதே குழந்தை உறவுமுறையைக் கற்றுவிடுகிறது. மலாய்க்காரர் வீட்டில் பாய் விரித்து, பாத்திரங்களை நடுவில் வைத்துச் சுற்றி அமர்வர். நோன்பு மாதத்தில் கதிரவன் மறையும் நொடிக்கு முன்பே வீட்டார் அனைவரும் வந்து அமர்ந்திருப்பர்; நோன்பு துறக்கும் அவ்வேளைக்கு எவரும் பிந்துவதில்லை. தமிழ் முஸ்லிம்களுள் காயல்பட்டினம் போன்ற ஊர்களைச் சேர்ந்தோர் 'சகன்' என்னும் பெருந்தட்டில் சிலர் கூடிக் கைவைத்து உண்பதை இன்றும் விருந்துகளில் காணலாம்.

இவை யாவற்றிலும் உணவு நடுவில் இருக்கிறது. நோன்பு துறப்பில் நேரமும் எவர் விருப்பத்தையும் கேளாமல் முன்பே முடிவாகிவிடுகிறது. தமிழர் வீட்டு உணவோ முறைமுறையாக இடப்படுவது: சோறும் குழம்பும் ஒரு சுற்று, ரசம் ஒரு சுற்று, மோர் ஒரு சுற்று. அம்முறை நின்று பரிமாறும் ஒருவரை இயல்பாகவே கேட்கிறது. தோசை நாள் இன்னும் கடினம். கல்லிலிருந்து ஒவ்வொன்றாக வந்தால்தான் சுவை. ஆதலின் சுடுபவர் கடைசித் தோசை வரை அடுப்படியை விட்டு அகல முடியாது. தாயும் பந்தியில் அமரவேண்டும் என்று விரும்பும் வீட்டார் அன்றைக்கு இட்டிலி வேண்டும் என்று கேட்பதே அறிவுடைமை.

பேச்சும் மொழியும்

சேர்ந்து உண்டால் பிள்ளைகள் சிறப்படைவர் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. 2011-இல் ஹாமன்ஸ், ஃபீஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், முன்னர் நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். வாரத்தில் 3 வேளையோ அதற்கு மேலோ குடும்பத்தோடு உண்ணும் பிள்ளைகள் நல்ல உணவை மிகுதியாக உண்பதையும், உணவுப் பழக்கக் கோளாறுகள் அவரிடம் குறைவதையும் கண்டனர். ஆனால் 2012-இல் மியூசிக், மையர் என்னும் அறிஞர் இருவர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். சேர்ந்து உண்ணும் குடும்பங்கள் வருவாயிலும் உறவிலும் ஏற்கெனவே நல்ல நிலையில் இருப்பவை. அவ்வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டால் உணவின் பயன் முன்பு எண்ணியதைவிடச் சிறுக்கிறது என்பது அவர்தம் முடிவு. ஆதலின் மேசையைச் சுற்றி அமர்ந்ததும் பிள்ளை தேர்வில் முதலாவதாக வரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

தமிழாசிரியர்களுக்கு நேரே தொடர்புடைய ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கேதரின் ஸ்னோவும் டயான் பீல்ஸும் அவர்தம் குழுவினரும், எளிய வருவாயுடைய வீடுகளில் உணவு வேளைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். அன்றாடம் அதிகம் வழங்காத சொற்களை உணவு வேளையில் கேட்ட குழந்தைகள், பின்னர்ச் சொல்வளம் மிக்கவராக இருக்கக் கண்டனர். அது ஆங்கிலம் பேசும் வீடுகளைப் பற்றியது. எனினும் சோற்றைச் சுற்றித் தமிழில் கிடக்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் இங்கும் விளங்கும். வதக்குதல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல் நான்கும் வேறு வேறு செயல்கள். கிண்டுதல் வேறு, துழாவுதல் வேறு. கடைதல் வேறு, மசித்தல் வேறு. சோறு குழையும், உதிரியாக நிற்கும், அடிப்பிடிக்கும். நெல்லிக்காய் துவர்க்கிறதா, புளிக்கிறதா என்று வகுப்பறையில் படம் காட்டிக் கேட்பதைவிட, வாயில் வைத்தபடியே கேட்பது எளிது.

சொற்களைவிட அரியது ஏவல் வடிவம். 'நகர்த்து', 'நகர்த்துங்கள்' என்பவற்றுள் எது தம்பிக்கு, எது தாத்தாவுக்கு என்பதைப் பாடநூல் அட்டவணையால் கற்பிக்க ஆசிரியர் படும் பாடு பெரிது. குழம்புச் சட்டி எட்டாத இடத்தில் இருந்தால் பிள்ளை அதனை ஒரே வேளையில் நாலு முறை கற்றுக்கொள்ளும்.

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2000-இல் ஏறத்தாழ 43 விழுக்காடு. 2020-இல் ஏறத்தாழ 28 விழுக்காடு. இந்தியர் யாவரும் தமிழர் அல்லர். இடையில் வேற்று மொழியினர் பலரும் குடியேறியுள்ளனர். அதனைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு சரிவே. நாள் முழுதும் ஆங்கிலத்தில் இயங்கும் பிள்ளைக்குத் தமிழ் பேச ஓர் இடமும் ஒரு நேரமும் வேண்டும். வீட்டில் உணவு வேளையைத் தவிர வேறு எந்த நேரத்திலும் மூன்று தலைமுறையும் ஒருவரை ஒருவர் நோக்கி அமர்வதில்லை.

அந்நேரம் விசாரணை மன்றமாகிவிடக் கூடாது. எலினர் ஆக்ஸும் கரொலின் டெய்லரும் அமெரிக்கக் குடும்பங்களின் உணவு வேளைப் பேச்சை ஆராய்ந்து 1990-களில் எழுதிய கட்டுரைகளில் ஓர் ஒழுங்கைச் சுட்டினர். பிள்ளைகளின் அன்றைய செய்தியைத் தாய் எடுத்துவிடுகிறாள். தந்தை அதனைக் கேட்டுக் குறை காண்கிறார். பிள்ளைகள் தீர்ப்புக்கு ஆளாகின்றனர். இக்காட்சி தமிழர் வீடுகளுக்குப் புதியதன்று. 'கணக்கில் எத்தனை மதிப்பெண்?' என்னும் கேள்வி ரசம் வருமுன் எழுந்தால், பிள்ளை மோர் வரை இருக்காது. தந்தை தம் வேலையிடத்தில் அன்று நேர்ந்த ஒன்றைத் தாமே முதலில் சொன்னால், பிள்ளையின் வாய் கேளாமலே திறப்பதுண்டு.

வழக்கமாக்கும் வகை

எந்த வேளை என்பதை வீட்டின் வேலைமுறையே முடிவு செய்யவேண்டும். இரவு உணவுதான் குடும்ப உணவு என்று சட்டம் இல்லை. மலேசியத் தமிழில் காலை உணவுக்குப் 'பசியாறை' என்று தனிப் பெயரே உண்டு. இரவு வேலை முடித்து வரும் தந்தையும் பள்ளி செல்லும் பிள்ளையும் சந்திக்கும் வேளை அதுவாயின், அதுவே குடும்ப உணவாகலாம். ரொட்டியும் தேநீரும் போதும். ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவு பலர்க்கும் இசையும். வாரத்தின் தொடக்கத்தில், வேலைநேரப் பட்டியல் வந்தவுடன், எல்லாரும் கூடக்கூடிய வேளைகளை நாட்காட்டியில் குறித்துவிடுவது பெரும்பயன் தரும். குறித்த வேளை வாரத்தில் 2 ஆனாலும், அவை தவறாமல் நடப்பதே வழக்கத்தை உண்டாக்குகிறது. ஏழு நாளும் என்று தொடங்கிய வீடுகள் மூன்றாம் நாள் கைவிடுகின்றன.

அடுத்தது, எவரும் நிற்காமை. சட்டி, பானை, தண்ணீர்ச் செம்பு, அப்பளம், ஊறுகாய் யாவும் உண்ணத் தொடங்குமுன் நடுவில் வந்துவிடவேண்டும். கொண்டுவருவது பிள்ளைகளின் வேலை. மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல். எடுத்துப் போட்டுக்கொள்வது அவரவர் வேலை. இதனால் பரிமாறும் மரபு கெடும் என அஞ்ச வேண்டியதில்லை. பொங்கலன்றும் தீபாவளியன்றும் இலை போட்டு முறையாகப் பரிமாறட்டும். அன்றும் முதற்பந்தியில் தாய் அமர, மகனோ தந்தையோ பரிமாறினால் மரபுக்கு ஒரு குறையும் வாராது. கடையில் வாங்கிய உணவாயினும் பொட்டலத்தைப் பிரித்துப் பாத்திரத்தில் கொட்டிப் பொதுவில் வைத்தால் அது வீட்டுணவாகிவிடும். சைவம் உண்ணும் பாட்டிக்கும் கோழி கேட்கும் பேரனுக்கும் உணவு வேறாகலாம். பாய் ஒன்றாக இருந்தால் போதும்.

கைப்பேசியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டனர். தொலைக்காட்சியைப் பற்றியும் அவ்வாறே. இங்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தடை பெரியவர்க்கும் உரியது. பந்தியில் தாம் உண்டு முடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை எழாமல் இருப்பது பழந்தமிழ் ஒழுக்கம். மெல்ல உண்ணும் பாட்டிக்காகக் காத்திருக்கப் பிள்ளைகள் சில வாரங்களில் பழகிவிடுகின்றனர். அலுவலகத்திலிருந்து அழைப்பு என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுபவர் பெரும்பாலும் தந்தையே.